கடைசி ஊசி நாயைத் துடிக்க வைக்குமா?

“வயதான நாய்க்குக் கருணைக்கொலை ஊசி போட்டால் விஷம் ஏறித் துடிதுடித்துச் சாகும், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

கால்நடை மருத்துவர் போடுவது வழக்கமாக அளவுக்கு அதிகமான மயக்க மருந்து: பென்டோபார்பிட்டால் அல்லது தயோபென்டால். பெரும்பாலும் அதற்கு முன்பே ஒரு தூக்க ஊசியும் உண்டு. ரத்தக்குழாயில் மருந்து ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடும். மூச்சும் இதயமும் நிற்பது அப்புறம்தான்.

பயம் கிளம்புவது அதன் பிறகு கண்ணில் படுவதால். கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். சிறுநீர் பிரியலாம். ஓரிரு முறை மூச்சிழுப்பது போல வாய் திறக்கும், தொடைத் தசை துள்ளும். பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறும். ஆனால் நாய்க்கு எதுவும் தெரியாது, மூளை ஏற்கெனவே அடங்கிவிட்டது. இதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டிலேயே விடுவது எப்போதும் அமைதியான சாவு அல்ல. சிறுநீரகம் செயலிழந்த நாய் நாள்கணக்கில் வாந்தியெடுத்து வாடும்.

மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் தராமல் தசைகளையும் இதயத்தையும் முடக்கும் மருந்தான மெக்னீசியம் சல்பேட் போடுவதாக இருந்தால், முழு மயக்கத்துக்குப் பிறகுதானா? விழித்திருக்கும் நாய்க்கு அதைப் போடவே கூடாது.