பாடம் சரி, பரீட்சை எதற்கு?

தெருக்கூத்தைப் பள்ளிப் பாடமாக்கி மதிப்பெண் போட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாடம் சரி, மதிப்பெண் எதற்கு? 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் என் மகள் பள்ளியில் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் யூடியூப் பார்த்துக் கூத்தின் ஆட்ட அடவு பழகினார்கள், பாட்டு செல்போனிலிருந்து. மதிப்பெண் வந்தாலும் இப்படித்தான் ஆகும். கூத்தில் ஆடுகிறவரே பாடவும் வேண்டும், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலும் மிருதங்கமும் ஆடுகிறவர் மூச்சுக்கு ஏற்பத்தான் போகும். செல்போன் யார் மூச்சைப் பார்க்கும்? பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியாரை வாரம் ஒரு நாள் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். அப்புறம், கல்யாண முருங்கைக் கட்டையில் கூத்துக் கிரீடம் செதுக்குவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். வர ஆளா இல்லை? எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார் மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.