ஃப்ரைஸ் பிறந்த கதையில் 1680 வேண்டாம்

பிரெஞ்சு ஃப்ரைஸ் பிறந்தது பெல்ஜியத்தில்தான் என்ற பதிவு மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1680 குளிர்காலத்தில் மியூஸ் ஆறு உறைந்துபோனதாம். மீன் கிடைக்காத, ஆற்றங்கரை ஊரான நாமூர் மக்கள் உருளைக்கிழங்கைச் சின்ன மீன் அளவுக்கு நறுக்கிப் பொரித்தார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம் எங்கே?

ஜோ ஜெரார் என்ற பெல்ஜியப் பத்திரிகையாளர், தம் குடும்பத்தில் இருந்த 1781ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் இப்படி இருப்பதாகச் சொன்னார். நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்று அதில் இருந்ததாம். பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்ததுதான் 1680. இதை மறுத்தவரும் ஒரு பெல்ஜியர்தான், உணவு வரலாற்றாளர் பியேர் லெக்லெர்க். அந்த வட்டாரத்துக்கு உருளைக்கிழங்கு வந்ததே 1735 வாக்கில் என்கிறார். அவருடைய இன்னொரு வாதம் எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. அன்று கொழுப்பு விலை உயர்ந்த பொருள். ஏழை வீட்டில் இருக்கும் கொஞ்சநஞ்சத்தை ரொட்டியில் தடவுவார்கள், சூப்பில் போடுவார்கள். சட்டி நிறைய உருக்கிப் பொரித்தெடுக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? அடுப்படியில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வீட்டுக்குக் கட்டாதது கடைக்குக் கட்டும். ஒரே சட்டிக் கொழுப்பில் நாள் முழுக்கப் போட்டெடுக்கலாம் அல்லவா? அதனால்தான் ஃப்ரைஸைத் தொடங்கியவர்கள் பாரிஸ் தெருவோர வியாபாரிகள் என்கிற பக்கம் நான் சாய்கிறேன். பவேரியாவில் பிறந்த ஃப்ரெடெரிக் க்ரீகர் இந்தத் தொழிலைப் பாரிஸில் கற்று, 1840களில் பெல்ஜியத்தின் ஊர்ச்சந்தைகளில் கடை போட்டார். 'ஃப்ரிட்ஸ்' என்ற பெயரில் புகழும் பெற்றார். ஊர் ஊராகச் சுற்றி உழைத்த அந்த மனிதரைப் பகிரப்படும் கதைகளில் காணவே முடியவில்லை. எனக்கு ஆதங்கம் அதுதான்.

'பிரெஞ்சு' என்பது முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பெயர் என்ற கதையும் நிற்காது. 1850களிலேயே ஆங்கிலச் சமையல் நூலில் அந்தப் பெயர் அச்சாகிவிட்டது. 2003இல் ஈராக் போரைப் பிரான்ஸ் எதிர்த்த கோபத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உணவகங்களில் அதைச் 'சுதந்திர ஃப்ரைஸ்' என்று மாற்றினார்களே, அது வெறும் அற்பத்தனம்.

பெல்ஜியத்துக்குப் பெருமை வேண்டுமானால் அதன் கடைகளில் இருக்கிறது. விரல் கனத்துக்கு நறுக்கிய கிழங்கை முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகும்வரை பொரிக்கிறார்கள். எடுத்து ஆறவிடுகிறார்கள். பிறகு 180 டிகிரிக்குப் பக்கத்தில் மறுபடி போடுகிறார்கள். மேல்தோல் மொறுமொறுக்கிறது, உள்ளே மாவாகவே இருக்கிறது. பழைய முறைப்படி மாட்டுக்கொழுப்பில். காகிதக் கூம்பு, மேலே மயோனைஸ். இந்தக் கடைப் பண்பாட்டைத் தங்கள் மரபாகவே அங்கீகரித்து வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்துக்காக வாதாடுகிறவர்கள் இதைப் பேசுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.