குடும்பத்தோடு போகும்போது ஒரு தீவே போதும்

குடும்பத்தோடும் நெருங்கிய நண்பர்களோடும் கடற்கரை விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை தீவுகளைப் பார்த்துவிட முடியும் என்பதைத்தான். ஒன்று போதும் என்று நான் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவது தெரிகிறது. இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு தூரம் போய், ஒரே கரையில் உட்கார்ந்திருப்பதா என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒத்த வயது நண்பர்களோடு போகிறவர்கள் ஒரே நாளில் நான்கு தீவுகளைக்கூடச் சுற்றட்டும். வயதானவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வரும் பயணத்தில், ஒரு தீவைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே தங்கி, அதே கரைக்கு நாள்தோறும் போய்வருவதைவிட நிறைவான விடுமுறை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

‘ஒரே நாளில் நான்கு தீவுகள்’ என்று விற்கப்படும் சுற்றுலாவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலையிலேயே படகுத்துறைக்குப் போய், பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, முன்பின் அறியாதவர்களோடு ஸ்பீட் போட்டில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரோடுகூடப் பேச முடியாது. பல சிறு தீவுகளில் படகுத்துறையே கிடையாது என்பதால், படகின் பின்புற ஏணியில் இறங்கி, தொடையளவுத் தண்ணீரில் நடந்துதான் கரையேற வேண்டியிருக்கும். அலையில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த ஏணி, மூட்டுவலி உள்ள ஒருவருக்கு எவ்வளவு அச்சம் தரும் என்பதை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. கரையேறி, குழந்தைக்கு உடை மாற்றி, நிழல் தேடி உட்காருவதற்குள் புறப்படச் சொல்லி விசில் அடித்துவிடுவார்கள். இரண்டாவது தீவு வரும்போதே, “நீங்க போயிட்டு வாங்க, நான் படகுலயே உக்காந்திருக்கேன்” என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிடுவார். யாருடைய மகிழ்ச்சிக்காக அந்தப் பயணம் திட்டமிடப்பட்டதோ, அவரைப் படகில் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

படகு ஓட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று பயணிகளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. வேகமாகப் போகும் படகின் முன்பகுதிதான் ஒவ்வோர் அலையிலும் தூக்கிப்போட்டுக் குலுக்கும். முதுகுவலி உள்ளவர்கள் பின்பகுதியில் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் ஸ்பீட் போட்டைத் தவிர்த்துவிடுவதே நல்லது. உடல் அசைகிறது என்று காதின் உட்பகுதி சொல்ல, அசையவில்லை என்று கண் சொல்ல, இந்த முரண்பாட்டால்தான் கடல் குமட்டல் வருகிறது. அதனால்தான் கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதில் பெரிய பலன் இல்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். நேரம் கூடினாலும் பெரிய ஃபெரியில் போவதையே நான் விரும்புவேன். எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கும், பிள்ளைகளோடு தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே பேசலாம்.

இந்த ஓட்டம் நம்மை மட்டும் களைக்க வைப்பதில்லை. தாய்லாந்தின் ஃபி ஃபி லே தீவிலுள்ள மாயா விரிகுடா ஒரு ஹாலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சிறு கரைக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்து, சிறிது நேரம் நின்று, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நங்கூரங்களாலும் கூட்டத்தாலும் பவளப்பாறைகள் சிதைந்துபோக, 2018 ஜூன் மாதத்தில் அந்த விரிகுடாவையே மூடிவிட்டார்கள். மனிதர்கள் வராமல் போனதும், துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் தீவின் மறுபக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றும், விரிகுடாவில் நீந்தக் கூடாது என்றும் கட்டுப்பாடுகள் வந்தன. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவைக் கழிவுநீர்ப் பிரச்சினையால் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்கு முழுவதுமாக மூடினார்கள். தங்கிப் பார்க்கிறவர்களாலும் தீவுக்குச் சுமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் சில நாள்கள் இருக்கிறவருக்குத்தான் அந்த இடத்தின் மீது கரிசனம் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

ஒரே கரைக்குத் தினமும் போனால் சலித்துவிடாதா என்று கேட்கலாம். கடல் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை என்பதே அதற்குப் பதில். உலகின் பெரும்பாலான கரைகளில் கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அந்தச் சுழற்சி முடிய ஏறக்குறைய 24 மணி 50 நிமிடம் ஆவதால், இன்று காலை ஏழு மணிக்கு வற்றிய நீர் நாளை எட்டு மணியை ஒட்டித்தான் வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். இந்த நேரங்களைத் தங்குமிடத்திலோ இணையத்திலோ முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம். இதை வைத்து நாளை அமைத்துக்கொண்டால், யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதே இல்லை. நீர் வற்றியிருக்கும்போது பிள்ளைகளோடு பாறைக் குட்டைகளைப் பார்க்கப் போகலாம். நீர் ஏறிய பிறகு குளிக்கலாம். வெயில் உச்சியில் இருக்கும்போது எல்லோரும் உறங்கலாம்.

அப்படியொரு குட்டையின் ஓரத்தில், காலிச் சங்குகளையே வீடாகச் சுமந்து திரியும் துறவி நண்டு ஒன்று புதிய சங்கைத் தேடி அலைந்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். தன் ஓட்டைவிடச் சற்றே பெரிய சங்கு ஒன்றை அது கண்டுபிடித்தது. உடனே குடியேறிவிடவில்லை. கால்களால் உருட்டிப் பார்த்தது, வாய்ப்பகுதியில் இடுக்கியை விட்டு உள்ளே அளந்தது, சற்று விலகிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு, கண்ணிமைக்கும் நேரத்தில் மென்மையான வயிற்றுப் பகுதியைப் பழைய ஓட்டிலிருந்து உருவி எடுத்துப் புதியதில் நுழைத்துக்கொண்டது. அது விட்டுப்போன பழைய ஓட்டுக்கு அதைவிடச் சிறிய நண்டு ஒன்று வந்து சேர்ந்தது. கரையிலிருந்து காலிச் சங்குகளைப் பொறுக்கி வரக் கூடாது என்பதை அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலடியில் இருக்கும் மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பவளத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீன்களின் வேலை. அவை அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைக் கொறித்து, அதிலுள்ள பாசியையும் பிறவற்றையும் உண்டு, அரைபட்ட சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகின்றன. மாலத்தீவின் வக்காரு தீவைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, அங்குள்ள பவளத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டது கிளிமீன்களிடமிருந்தே வருகிறது என்று காட்டியது. மூச்சுக்குழாயோடு நீரில் முகம் அமிழ்த்தி மிதக்கும் ஸ்நார்கலிங் செய்யும்போது மூச்சை அடக்கிக் கவனித்தால், அவை பாறையைக் கடிக்கும் சத்தம் கேட்கும். நான்கு தீவுகளை ஓடிப் பார்ப்பவருக்கு இதைக் கேட்க நேரம் எங்கே இருக்கிறது?

ஒரே கரையில் தங்குவதற்கு இன்னொரு முக்கியக் காரணம் பாதுகாப்பு. ஒரு கரையின் ஆபத்துகள் அதைப் பழகியவருக்குத்தான் தெரியும். அலைகள் உடைந்து நுரைக்கும் கரையில், ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தெரிந்தால், குழந்தைகளை இறக்க ஏற்ற இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதுதான் கரைக்கு வந்த நீர் கடலை நோக்கித் திரும்பி ஓடும் இழுவை நீரோட்டம். வலுவான இழுவை வினாடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் என்பதால், அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்தி வெல்ல முடியாது. பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பில் உள்ளது என்று பொருள்; முழுச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமே இல்லாமல்தான் மூழ்குகிறது. ஆகவே, பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடாமல் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று பொருள்.

பிள்ளைகள் சொல்வதையும் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவிலுள்ள மாய்காவ் கடற்கரையில் பெற்றோரோடும் தங்கையோடும் விடுமுறையில் இருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். அவள் விடாமல் எச்சரித்ததால் கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, சுமார் நூறு பேர் உயிர் தப்பினார்கள். ஒரு குழந்தையின் பேச்சைப் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்டதும் அவ்வளவு உயிர்கள் பிழைத்ததற்கு ஒரு காரணம்.

வெயிலை யாரும் பொருட்படுத்துவதில்லை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. குடைக்குக் கீழே இருந்தாலும் தோல் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். என் அனுபவத்தில் முழுக்கை நீச்சல் சட்டையும் அகன்ற தொப்பியுமே நல்ல காப்பு. சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் அதில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பவளத்துக்குத் தீங்கு என்ற காரணத்தால் பலாவ் நாடு 2020-இலும் ஹவாய் 2021-இலும் இவை கலந்த சன்ஸ்கிரீன்களைத் தடைசெய்துவிட்டன.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான காரணத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பதற்கு, எந்த வேலையும் இல்லாத நீண்ட நேரம் தேவைப்படுகிறது. எங்களோடு தீவுக்கு வந்த என் அத்தை, வந்த அன்று மரநிழலில் போட்ட நாற்காலியைவிட்டு எழவே இல்லை. கடல் என்றால் அவருக்குப் பயம். நாங்கள் வற்புறுத்தவில்லை, வேறெங்கும் புறப்பட வேண்டியிருக்கவில்லை என்பதால் வற்புறுத்த வேண்டிய அவசியமும் வரவில்லை. அடுத்தடுத்த நாள்களில் அந்த நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக நீரை நோக்கி நகர்ந்தது. ஒரு மாலையில் அவர் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நனையும் இடத்தில் நீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அலை வந்து மோதும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார். அங்கே உட்கார்ந்தபடியே, தன் இளம் வயதில் நடந்தவற்றை எங்களிடம் சொன்னார். இத்தனை ஆண்டுகள் ஒரே குடும்பத்தில் இருந்தும் அவற்றில் பலவற்றை நாங்கள் யாருமே கேட்டதில்லை. நாற்காலி நகர்வதற்குத் தேவைப்பட்ட அந்த நாள்களை எந்தச் சுற்றுலாத் திட்டமும் ஒதுக்கித் தராது.

இதற்காக எல்லோரும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த தீவைப் பார்க்க ஆசைப்படும் இளையவர்கள் ஒரு நாள் போய்வரட்டும். இருக்க விரும்புகிறவர்கள் இருக்கட்டும். போகிறவர்கள் குற்ற உணர்வின்றிப் போகவும், இருக்கிறவர்கள் மனக்குறையின்றி இருக்கவும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. விடுமுறைகளில் வரும் சண்டைகளில் பாதி, பேசிக்கொள்ளாத எதிர்பார்ப்புகளால் வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எந்தத் தீவு என்பதைவிட எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தாய்லாந்தையே எடுத்துக்கொண்டால், ஃபுக்கெட் இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். கோ சமுய் தீவு இருக்கும் வளைகுடாப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. 2018 ஜூலை 5 அன்று ஃபுக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல் அலைகளில் மூழ்கி 47 பேர் உயிரிழந்தனர். கடல் சரியில்லை என்று படகோட்டி தயங்கினால், பணம் கட்டிவிட்டோம் என்று அவரை நெருக்காதீர்கள்.

அதன் பிறகு தீவைத் தேர்ந்தெடுக்கும்போது, அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிகளோடு கூடிய படகுத்துறை இருக்கிறதா, கரைக்கு முன்னால் அலையைத் தடுக்கும் பவளத்திட்டு உண்டா, நீர் எவ்வளவு தூரத்துக்கு ஆழமில்லாமல் இருக்கும், கரையில் இயற்கையான மரநிழல் உண்டா, மருத்துவமனை தீவிலேயே இருக்கிறதா அல்லது படகேறிப் போக வேண்டுமா என்று கேளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே தீவைவிட்டுப் புறப்பட்டு, விமான நிலையம் உள்ள ஊரில் ஓர் இரவு தங்கும்படி பதிவு செய்யுங்கள். காற்று கூடிப் படகு ஓடாமல் போனால், கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் படகுத்துறையில் தவிக்கும் நிலை வராது.