ஒரு டிஸ்ட்ரோவுக்கு எத்தனை கர்னல்?

கட்டற்ற இயங்குதளம் என்றால் வன்பொருளை நிர்வகிக்கும் அதன் மையப் பகுதியான கர்னலையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது கிளம்பும். முடியும்தான், டெபியன் என்ற டிஸ்ட்ரோ (கர்னலையும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) செய்தே காட்டியது. 2011-இல் வந்த டெபியன் 6-இல் லினக்ஸ் பதிப்போடு, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தின் கர்னல் மேல் ஓடும் பதிப்பும் தொழில்நுட்ப முன்னோட்டமாக வெளிவந்தது. அதே ஜிலிப்சி (அடிப்படை சி நூலகம்), அதே ஏபிடி (மென்பொருள் நிறுவும் கருவி), அடியில் மட்டும் வேறு கர்னல். 2014 நவம்பரில் அதை வெளியீட்டுக்கான கட்டமைப்புகளின் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2023-இல் மொத்தமாக மூடினார்கள். ஜிஎன்யு திட்டத்தின் ஹர்ட் கர்னல் மேல் ஓடும் பதிப்போ அந்தப் பட்டியலில் ஒருபோதும் ஏறியதில்லை, ஆனாலும் இன்றும் ஓடுகிறது.

என் நிலைப்பாடு இதுதான்: கூடுதல் கர்னல் இருக்கட்டும், ஆனால் பிறர் வெளியீட்டை மறிக்கும் உரிமை அதற்கு வேண்டாம்.

காரணம், செலவு கர்னலில் இல்லை. அதன் மேல் ஓடும் பல்லாயிரம் பேக்கேஜ்களில் (மென்பொருள் பொதிகளில்) இருக்கிறது. அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள ஒரு கட்டமைப்பில் முன்பு பில்ட் ஆன பேக்கேஜ் இப்போது உடைந்தால், அது அடுத்த வெளியீடு தயாராகும் டெஸ்டிங் கிளைக்கு நகராது. வேறு கர்னலைத் தொட்டே பார்க்காத பராமரிப்பாளர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உடைவது பெரும்பாலும் அற்ப விஷயம். ஹர்டில் கோப்புப் பாதைக்கு நீள வரம்பு கிடையாது, அதனால் அந்த வரம்பைச் சொல்லும் பாத்_மேக்ஸ் என்ற மாறிலியே இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை இதை அனுமதிக்கிறது. ஆனால் அந்த எண்ணை நம்பி பஃபர் (தற்காலிக நினைவிடம்) ஒதுக்கும் நிரல் கம்பைலே ஆகாது. லினக்ஸில் உள்ளதுபோல் 4096 பைட் என்று தானே வரையறுத்துவிட்டு நகர்வது சோம்பேறி வைத்தியம். முழுப் பாதையைக் கண்டுதரும் ரியல்பாத் அழைப்பின் இரண்டாவது அளவுருவாக நல் (NULL, வெற்றுச் சுட்டி) கொடுத்து, அது ஒதுக்கித் தரும் நினைவகத்தைப் பயன்படுத்திவிட்டு விடுவிப்பதே சரி. லினக்ஸிலும் பாதை நீளம் 4096-ஐத் தாண்டும் ஆழத்தில் கோப்புறைகள் இருக்கலாம் என்பதால் இந்தத் திருத்தம் எல்லோருக்கும் லாபம். வேற்றுக் கர்னலை முழுதாகக் கைவிட வேண்டாம் என்று நான் சொல்வதே இதுபோன்ற பிழைகளை அது வெளியே இழுத்துப் போடுவதால்தான்.

சில இடங்களில் லாபமே இல்லை. ஈபோல், இனோட்டிஃபை, சிகுரூப் என்ற கர்னல் வசதிகள் எல்லாம் லினக்ஸுக்காக உருவானவை. கணினியைத் தொடங்கிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அவற்றின் மேல்தான் நிற்கிறது. சிஸ்டம்டி ஓடாத கர்னலுக்காகத் தனி இனிட் (தொடக்க நிரல்), தனி சேவை ஸ்கிரிப்ட் என்று எல்லாம் இரட்டைப் பராமரிப்பு. (சிஸ்டம்டி நல்லதா கெட்டதா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.) சார்புப் பட்டியலில் லிப்கேப் போன்ற லினக்ஸ் நூலகங்களுக்கு, லினக்ஸ் கர்னல் உள்ள பதிப்புகளில் மட்டும் தேவை என்று பொருள்படும் 'லினக்ஸ்-எனி' வரம்பிடுவது ஒரு வரி வேலை. அதையாவது எல்லோரும் செய்யலாம்.

லினக்ஸிலேயே பல கர்னல் தருவது வேறு கதை. ஆர்ச் டிஸ்ட்ரோ தருவதுபோல் நடப்புக் கர்னல் ஒன்று, நீண்டகால ஆதரவுக் கர்னல் ஒன்று, இந்த இரண்டும் அவசியம் என்பேன். புதிய டிரைவர் சொதப்பினால் பழையதில் பூட் செய்து தப்பலாம். ஆனால் ஒவ்வொரு கர்னலுக்கும் அதற்கேற்ற ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) தேவை. இல்லாவிட்டால் வெளி டிரைவர்களைக் கர்னலுக்கேற்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் கருவி அந்தக் கர்னலுக்கு மாட்யூலைக் கட்டாது; அது கிராஃபிக்ஸ் டிரைவராக இருந்தால் அதில் பூட் செய்யும்போதுதான் திரை கறுப்பாக நிற்கும். ரூட் பகிர்வு, கர்னலுக்கு வெளியே உருவாகும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இருந்தால் இன்னும் ஆபத்து: அது இன்னும் ஆதரிக்காத புதுக் கர்னல் வந்தால் பூட்டே ஆகாது. அப்படிப்பட்ட கணினியில் நீண்டகாலக் கர்னலே இயல்புத் தேர்வாக இருக்க வேண்டும்.

பூட் பகிர்வு தனியாக, சிறியதாக இருந்தால், பல கர்னல்கள் சேரும்போது இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் கோப்பு) பாதி எழுதும்போதே இடம் தீர்ந்துவிடலாம். ஃபெடோரா டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப் இயல்பாக 3 கர்னல்களோடு நிறுத்திக்கொள்வது நல்ல ஏற்பாடு.

டிஸ்ட்ரோக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டிகேஎம்எஸ் தோற்றால் ஓர் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கர்னலை இயல்புத் தேர்வாக்காமல், கடைசியாகச் சரியாக பூட் ஆனதையே க்ரப் (பூட் ஏற்றி) பட்டியலின் முதலில் வைத்திருங்கள்.