மெட்ரோ வரட்டும், அதுவரைக்கும் எதில் போவது?

2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியதிலிருந்து என் டைம்லைனில் இரண்டே கோஷ்டிதான். ஒன்று, "மதுரையை வஞ்சித்துவிட்டார்கள்". இன்னொன்று, "மதுரைக்கு எதுக்குய்யா மெட்ரோ, பஸ்ஸே போதும்". பஸ்ஸே போதும் என்கிறவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் ஏறி வருஷக்கணக்காகிறது. வஞ்சனை என்று கொதிக்கிறவர்களும் அதே ரகம்தான்.

முதலில் திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணத்தைப் பார்ப்போம். 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் 20 லட்சம் பேர் வேண்டுமாம். மதுரையில் சுமார் 15 லட்சம்தானாம். எந்தக் கணக்கு? 2011 சென்சஸ். 2021ல் எடுக்க வேண்டியதை எடுக்காமல் விட்டது மதுரைக்காரன் குற்றமா? மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையும் திருமங்கலமும் 2011ல் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒருதரம் வந்து பார்த்தால் போதும். அதே 2011 கணக்கில் ஆக்ராவும் போபாலும்கூட 20 லட்சத்தைத் தொடவில்லை. அங்கே மெட்ரோவுக்கு அனுமதி கிடைத்தது. ஆக்ராவில் 2024லிருந்து ரயிலே ஓடுகிறது. ஆக, அந்த எண் சட்டம் இல்லை, சாக்கு. இதில் கோபப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

மெட்ரோவுக்குப் பதிலாக பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறதே, அதுதான் சிரிப்பு. சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம்வரை சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்து பார்த்தவர் யாரும் அதைச் சொல்ல மாட்டார். இருக்கிற ரோட்டில் டூவீலருக்கே இடமில்லை. அகமதாபாத்தில் 2009லிருந்து அது ஓடுகிறது என்றால், அதற்கேற்ற அகலத்தில் அங்கே ரோடு இருந்தது. டெல்லியில் போட்டு, எல்லாரிடமும் திட்டு வாங்கி, 2016ல் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

சரி, இப்போது நம் ஆட்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மதுரை மெட்ரோ திட்டம் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைவரை ஏறக்குறைய 32 கிலோமீட்டர். செலவு 11,300 கோடிக்கு மேல். கிலோமீட்டருக்கு 350 கோடி ஆகிறது. ஊருக்கு நடுவே சுரங்கம் தோண்ட வேண்டியிருப்பதால் செலவு குறையாது, ஏறத்தான் செய்யும். பணத்தைக்கூட விடுங்கள், கடனோ உடனோ வாங்கிவிடலாம். காலம்? சென்னையில் 2009ல் ஆரம்பித்த மெட்ரோவில் முதல் ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடியது 2015 ஜூனில். முதல் கட்டம் முழுசாக முடிந்தது 2019ல். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில், 2008ல் தொடங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. நமக்கு இதெல்லாம் புதுசா என்ன, அடிக்கல் நாட்டி வருஷக்கணக்காக இழுத்த தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் செங்கல் கதை கேட்டே வளர்ந்துகொண்டிருக்கிறோம். நாளைக்கே டெல்லியில் கையெழுத்துப் போட்டாலும் இன்றைக்குப் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை கல்யாணமாகிக் கைக்குழந்தையோடுதான் அதில் ஏறும்.

அந்தப் பத்து வருஷத்துக்கு என்ன ஏற்பாடு? இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் விளக்குத்தூண் பக்கம் நின்று பாருங்கள். ஜவுளிக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியதும் உள்ளேயிருந்து குனிந்து குனிந்து பெண்கள் வெளியே வருவார்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே சேலை பிரித்துப் போட்டவர்கள். வந்த வேகத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். கடைசி டவுன் பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ, அதுவும் ஆள் சேர்ந்தால்தான். ஒருவர் முந்திப் போய் டிரைவரிடம் "அண்ணே, பின்னாடி ரெண்டு பேர் வர்றாங்க, ஒரு நிமிஷம்ணே" என்று படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு நிமிஷத்தை டிரைவர் தருவாரா மாட்டாரா என்பதுதான் அவர்களுக்கு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். கையில் மிச்சமாகும் அந்தக் காசை விட்டுவிட்டு இவர்கள் மெட்ரோ டிக்கெட் எடுப்பார்களா? சென்னையில் குறைந்தபட்சமே பத்து ரூபாய், தூரம் போனால் ஐம்பது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்றே வையுங்கள். ஒரு கிலோமீட்டர் மெட்ரோ காசில் இருநூறு பஸ்ஸுக்கு மேல் வாங்கலாம். பஸ் வாங்கினால் மட்டும் ஓடிவிடாது, டிரைவர் கண்டக்டருக்குச் சம்பளம், டெப்போ, பராமரிப்பு எல்லாம் உண்டு, கோரிப்பாளையத்தில் அதுவும் நெரிசலில் நிற்கத்தான் செய்யும். மாட்டுத்தாவணி, பெரியார் பஸ் ஸ்டாண்டுகளுக்கு நடுவே என்றைக்காவது ஒருநாள் ரயில் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸை இந்த வருஷமே விடலாம். அதற்கு டெல்லி கையெழுத்து தேவையில்லை, சென்னையில் முடிவெடுத்தால் போதும். டெல்லியைத் திட்டும் போஸ்டர் அடிக்கிற உற்சாகத்தில் இது வசதியாக மறந்துபோகிறது.

டெல்லியும் தப்பிக்க முடியாது. திருமங்கலத்திலிருந்து திருப்பரங்குன்றம் வழியாக மதுரை ஜங்ஷன், அதற்கப்புறம் கூடல்நகர் என்று ஏற்கெனவே ரயில் பாதை கிடக்கிறது. மின்சாரமும் உண்டு, இரட்டைப் பாதையும் போட்டாகிவிட்டது. மெட்ரோவின் தெற்குப் பாதி கிட்டத்தட்ட இதற்குப் பக்கத்திலேயேதான் வரப்போகிறது. காலையில் நாலு, சாயங்காலம் நாலு என்று எட்டுப் பெட்டி மெமு ரயில் (குறைந்த தூரத்துக்கு ஓடும் மின்சார ரயில்) விட்டுப் பார்க்கலாமே. கூட்டம் வந்தால் அந்த டிக்கெட் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டு போய் மெட்ரோ கேட்கலாம். 2011 சென்சஸைவிட அது நல்ல சாட்சி. எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு நடுவே நேரம் ஒதுக்குவது சிரமம் என்று ரயில்வே சொல்லும். சொல்லட்டும், நம் எம்.பி.க்கள் அதற்குத்தானே இருக்கிறார்கள்.

சென்னையில் 2011ல் மோனோ ரயில் என்று ஆரம்பித்துப் பல வருஷம் பேசினார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு தூண்கூட நட்டபாடில்லை. பெரிய திட்டம் பேச்சில் இருக்கும்வரை சின்ன வேலையைச் செய்யாததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பயம் மெட்ரோ வராமல் போவதில் இல்லை. "மெட்ரோ வரப்போகுதுல்ல" என்று சொல்லியே அடுத்த பத்து வருஷத்தை ஓட்டிவிடுவார்களே, அதில்தான்.

கமெண்ட்டில் "நீ எந்தக் கட்சி" என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். கடைசியாக எந்த ரூட் பஸ்ஸில், எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.