அந்தப் பிஸ்கட்டுப் பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம்

எங்க பிள்ளைங்க மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வந்த போட்டோவுக்குக் கீழ, கமெண்ட்டுல நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. சிதம்பரம் கிட்ட கிள்ளைப் பக்கத்து இருளர் பிள்ளைங்க 12 பேரு, கல்வராயன் மலையில பழங்குடிப் பிள்ளைங்க படிக்கற உண்டு உறைவிடப் பள்ளியில அஞ்சு நாள் தங்கிப் படிச்சிட்டு வந்தாங்க. அவ்ளோதான் விஷயம். அதுக்கு ஒரு பெரிய மனுஷர், "அவங்களை அவங்களோடயே பழகவிட்டா எப்ப முன்னேறுவாங்க? நல்ல பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கப்பா"ன்னு எழுதறார். 300 லைக்கு.

ஐயா, நல்ல பள்ளிக்கூடம் நானும் பாத்தவன்தான். ஏழாவது படிக்கறப்ப எங்க ஆறு பேரை டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிஸ்கட் குடுத்தாங்க, கைதட்டினாங்க. பக்கத்துல இருந்த பையன் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எலி திம்பீங்களாமே?" டீச்சரும் சேந்து சிரிச்சாங்க. டவுசர் பாக்கெட்ல இருந்த பிஸ்கட்டை வர்ற வழியில வாய்க்கால்ல கொட்டினேன். (பிஸ்கட் என்ன பாவம் பண்ணுச்சுன்னு இப்பத் தோணுது.)

மலையிலயும் கேள்வி கேட்டாங்க. "கலங்கின தண்ணியில இறாலை எப்படிக் கையாலயே பிடிப்பீங்க?" எங்க எட்டாவது பொண்ணு ஒண்ணு தரையில மண்டி போட்டு, பிடிச்ச இறாலைப் போடற ஓலைக்கூடையான பறிக்குப் பதிலா துப்பட்டாவைப் பல்லுல கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்தைத் துழாவற மாதிரி செஞ்சு காட்டுச்சு. அம்மா இறால் பிடிக்கப் போறாங்கன்னு இங்க வகுப்புல சொல்லவே கூசற பொண்ணு அது! பதிலுக்கு மலையாளிப் பையன் கடுக்காய் பொறுக்கற கதை சொன்னானாம். மலையாளின்னா கேரளான்னு கிளம்பிடாதீங்க, அந்த மலைப் பழங்குடிக்குப் பேரே அதுதான்.

"அஞ்சு நாள் பாடம் போச்சே?" போச்சுதான். கணக்குல பின்தங்கிட்டாங்க, ஒத்துக்கறேன். டவுன் பள்ளி ஊட்டிக்குப் போறப்ப மட்டும் இந்தக் கணக்கை யாரும் பாக்கறதில்ல.

"இது ஒதுக்கி வைக்கற வேலை"ன்னு இன்னொருத்தர். ஒதுக்கி வைக்கறதுன்னா என்னன்னு எங்களுக்கே பாடம் எடுக்கறாரு, நல்லாருக்கட்டும்.

அங்க பிள்ளைங்க இன்னொண்ணும் பேசிக்கிட்டாங்க, சாதிச் சான்று. மலையிலயும் கோட்டாட்சியர் ஆபீசுக்கு அலையற அப்பாதான். எங்க சித்தியை புதுச்சேரி பாகூர் பக்கம் கட்டிக் குடுத்தோம். தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் நாங்க பழங்குடி. அந்தப் பக்கம் புதுச்சேரியில இருளரைப் பழங்குடிப் பட்டியல்ல சேத்ததே 2016-லதான். அதுவரைக்கும் சித்தி பிள்ளைங்க யாரு? முன்னேற்றம் பேசற பெரிய மனுஷர் அதுக்கும் ஒரு கமெண்ட் போடட்டுமே.

அடுத்த மாசம் மலைப் பிள்ளைங்க இங்க வராங்க. பறி பத்தாது. பனையோலை வெட்டிப் போடச் சொல்லியிருக்கேன்.