அவர்கள் சாப்பிடுவதையே எங்களுக்கும் கொடுங்களேன்

வெயிலும் கடலுமாக இருக்கும் ஊருக்குத் தோழியோடு விடுமுறைக்குப் போவதே, பாதி அந்த ஊர்ச் சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் வெளியூர் முகம் என்று தெரிந்ததும் தட்டே மாறிவிடுகிறது.

பக்கத்து மேசையில் ஓர் உள்ளூர்க் குடும்பம். அவர்களுடைய மீன் குழம்பில் கருஞ்சிவப்பாக எண்ணெய் மிதந்தது, வாசனை எங்கள் மேசை வரை வந்தது. எங்களுக்கு வந்ததோ வெளிறிப்போன ஏதோ ஒன்று. ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வேறு! "உங்களுக்குக் காரம் ஆகாதே" என்றார் பரிமாறியவர். யார் சொன்னது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

காரத்தைத் தணிக்கும் வழி அந்தச் சமையலுக்குள்ளேயே இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். குழம்பில் தேங்காய்ப்பால் சும்மாவா சேர்கிறது? சரி, மிளகாயை மட்டும் குறைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புளிப்பையும் சேர்த்தே எடுத்துவிட்டால் அப்புறம் என்னதான் மிச்சம்?

மறுநாள் தோழி நேராகப் பக்கத்து மேசையைக் கைகாட்டி, "அதே வேண்டும்" என்றாள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வந்தது. மூக்கில் நீர் வழிய வழிய, பேசாமல் சாப்பிட்டோம். முதல் நாள் சாப்பாடு வீணானதுதான் இன்னும் ஆறவில்லை.